திரும்பிப் போகச் சொல்லும் கல்லூரி

கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிராமத்துக்கேற்ற படிப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எங்க பக்கத்துச் சேரிகளில் பெரியவர்கள் ஒன்று கேட்பார்கள்: "ஒங்க பிள்ளை அதத்தான் படிக்குதா?" கிராமியக் கல்லூரி, சமுதாயக் கல்லூரி என்று பெயர் வைத்த நிறுவனங்களின் நோக்க அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நிற்கிறது. விடுபட்டவர்களைச் சேர்த்துக்கொள்வது, கைத்தொழில், சேவை, ஊருக்குத் திரும்புதல் எல்லாமே நல்ல வார்த்தைகள்தான். இந்த வார்த்தைகளுக்கு மதுரை வட்டாரத்தில் நீண்ட வரலாறு உண்டு. அதை நம்ம பக்கமிருந்து ஒருதடவை படிச்சுப் பார்க்கணும்.

நான் மேலூர் ரோட்டுக்காரன். மாட்டுத்தாவணியில் 1999-ல் பஸ் ஸ்டாண்டு வந்தது. தாவணி என்றால் மாட்டுச் சந்தை. எங்க அய்யா அங்கே மாடு வாங்கப் போனதில்லை. வாங்கினவர்களின் மாட்டை ஊர்வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் விடுகிற கூலிக்குப் போனவர். அதே ரோட்டில், யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடைப் பக்கம் 1965-ல் வேளாண்மைக் கல்லூரி வந்தது. எங்க தெருவில் உழவு தெரியாத ஆள் கிடையாது. அந்தக் கல்லூரிக்குப் படிக்கப் போன ஆளை என் சின்ன வயசில் நான் பார்த்ததும் கிடையாது. மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் மாநிலத்துக்கே விவசாய மந்திரியாகவும் உள்துறை மந்திரியாகவும் இருந்த காலம் அது. மந்திரி ஆவது ஒன்று, மார்க் வாங்கி உள்ளே போவது வேறொன்று.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கிராமியக் கல்லூரி என்ற யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1948-49-ல் ராதாகிருஷ்ணன் தலைமையில் வேலை செய்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கர் அதில் உறுப்பினர். அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்த உதாரணம் டென்மார்க். குருண்ட்விக் என்ற பாதிரியாரின் சிந்தனையில் 1844 முதல் அங்கே எழுந்த மக்கள் பள்ளிகளில் பரீட்சையும் பட்டமும் கிடையாது. பேச்சு, பாட்டு, வரலாறு, விவசாயம் உண்டு. பண்ணையாள் பிள்ளைகள் நிமிர்ந்து பேசக் கற்றார்கள், பாராளுமன்றம் வரைக்கும் போனார்கள் என்று நம்மூர்க் காந்தியர்கள் மெய்சிலிர்த்து எழுதினார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவில்லை. டென்மார்க்கில் குடியானவனைப் பண்ணையோடு கட்டிப்போட்ட சட்டம் 1788-லேயே விலக்கப்பட்டது. அதன்பிறகு குடியானவர்கள் நிலத்தை விலைக்கு வாங்கிச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். பள்ளிக்கூடம் வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. முதலில் நிலம், பிறகுதான் படிப்பு. நம்ம நாட்டுக்கு இறக்குமதியானது படிப்பு மட்டும்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில், சின்னாளபட்டி பக்கம், 1947-ல் காந்திகிராமம் தொடங்கியது. தொடங்கியவர்கள் டாக்டர் சவுந்தரமும் ஜி. ராமச்சந்திரனும். சவுந்தரம் மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். சின்ன வயசிலேயே விதவையானவர். டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். 1940-ல் கேரளத்து ராமச்சந்திரனைச் சாதி தாண்டி மறுமணம் செய்தார். பணக்கார வீட்டுப் பெண்ணின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனசு வரவில்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே விதி. சுற்றுவட்டாரத்து டீக்கடைகளில் தனித்தனி கிளாஸ் இருந்த காலத்தில் அது சின்ன விசயமில்லை.

1954-ல் டெல்லியில் கிராமிய உயர்கல்விக்கு ஒரு குழு போட்டார்கள். 1956-ல் தேசியக் குழுமம் அமைந்து, முதலில் 10 கிராமிய நிறுவனங்கள் வந்தன. பிறகு அது 14 ஆனது. காந்திகிராமம் அதில் ஒன்று. கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயம் இன்னொன்று. கிராம சேவையில் 3 வருச டிப்ளமோ, விவசாயத்துக்கு 2 வருசம், கிராமப் பொறியியலுக்கு 3 வருசம், சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பு 1 வருசம். மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்ய வேண்டும்.

அந்த 1954-ம் வருசத்தை நாம் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் மட்டும் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பட்டணத்துப் பள்ளிகளுக்கு அது இல்லை, கிராமத்துக்குத்தான். குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தமிழ்நாடே எதிர்த்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி போனார். காமராஜர் வந்ததும் திட்டம் போனது. குலக்கல்வியும் கிராமியக் கல்லூரியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. முன்னது அப்பன் தொழிலில் தள்ளியது. பின்னது எல்லாச் சாதிப் பிள்ளையையும் ராட்டை பிடிக்க, கக்கூஸ் கழுவ வைத்தது. ஆனாலும் கிராமத்தான் கிராமத்திலேயே இருக்கட்டும் என்ற எண்ணம் இரண்டுக்கும் அடியில் ஓடியது. அய்யங்கார் வீட்டுப் பையன் கக்கூஸ் கழுவினால் அது தியாகம். அவன் திரும்பிப் போக வேறு வீடு இருக்கிறது. எங்க பையன் கழுவினால் அது என்ன பாடம்? அவனுக்கு அதைக் கற்றுக்கொடுக்கக் கல்லூரி எதுக்கு?

அந்தப் படிப்புக்கு உடனே வந்த சிக்கல் சான்றிதழ். டிப்ளமோ பி.ஏ.வுக்குச் சமம் என்று அரசாங்கம் சொன்னாலும் பல பல்கலைக்கழகங்கள் மேல்படிப்புக்கு ஏற்கத் தயங்கின. எங்களுக்குப் பட்டம் வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்கள். பட்டத்தாசை, உத்தியோக மோகம் என்று பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். இந்த விசயத்தில் நான் முழுக்க மாணவர்கள் பக்கம். சேவை மனப்பான்மைக்குப் பட்டம் தேவையில்லை என்று சொன்னவர்களின் பெயர்களுக்குப் பின்னால் பட்டம் இருந்தது. பிற்காலத்தில் அந்த 14-ல் பெரும்பாலானவை சாதாரணக் கல்லூரிகளாக மாறிக் கரைந்துபோயின. காந்திகிராமம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தானே பட்டம் கொடுக்கும் உரிமை பெற்றது.

எங்க சொந்தத்தில் ஒரு பெரியப்பா அங்கே சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பு முடித்தவர். "டிப்ளமோக்காரய்ங்க மூணு வருசம் படிச்சுட்டு வேலை தேடுனாய்ங்க. எனக்கு ஒரு வருசம், கையில ஆர்டர்" என்பார். மேலத்தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத ஆள், அரசாங்க நோட்டுப் புத்தகத்தோடு அதே தெருவில் சாக்கடை பார்க்கப் போனார். பெரிய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சேவை, மதிப்பீடு என்று பெரியப்பா ஒருநாளும் பேசியதில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தைச் சாகும்வரை வைத்திருந்தார்.

ஊருக்குத் திரும்பு என்ற கட்டளையை நிஜமாகவே நிறைவேற்றிய ஒருவர் உண்டு. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926-ல் அய்யன்கோட்டையில் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்து, சவுந்தரத்தின் ஆதரவில் மதுரையில் படித்துப் பட்டம் வாங்கியவர். 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபின் கணவரோடு கீழத்தஞ்சைக்குப் போனார். 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத பெண்கள் பெயரில் நிலம் எழுதி வாங்கிக் கொடுத்தார். காந்தியப் பாதையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். பட்டாக் காகிதத்தோடு சண்டை கிடையாது. கிராமியக் கல்லூரியின் பாடத்திட்டம் விட்டுவிட்ட பாடத்தை அந்த அம்மா நடத்தினார். நிலமில்லாதவனுக்கு விவசாயப் படிப்பு என்பது மாடில்லாதவனுக்குத் தாவணியில் இடம் ஒதுக்குகிற கதைதானே.

திரும்பிப் போகிற ஊர் எப்படி இருக்கிறது என்பதும் பாடத்திட்டத்தில் வருவதில்லை. எங்க மேலூர் வட்டாரத்து மேலவளவில், பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவரோடு 5 பேரும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அம்பேத்கர் வேறு வழியில் போனார். 1945-ல் மக்கள் கல்விக் கழகம். 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே வந்து படித்துவிட்டுப் போகலாம். 1950-ல் மராத்வாடாவில், அன்றைய ஔரங்காபாத்தில், பின்னாளில் மிலிந்த் என்று பெயர் பெற்ற கல்லூரி. மராத்வாடா நிஜாம் ஆட்சியில் கிடந்த பின்தங்கிய பூமி. கிராமத்து ஏழைகளுக்கான கல்லூரி என்றால் இதைத்தான் சொல்லவேண்டும். ஆனால் அங்கே அவர் தையல் கூடம் திறக்கவில்லை. முழுப் பட்டப்படிப்புக் கல்லூரி, நூலகம், விடுதி. 1960களின் கடைசியில் கங்காதர் பந்தாவணே நடத்திய 'அஸ்மிதாதர்ஷ்' அந்த ஊரில்தான் முளைத்தது. மராத்தி தலித் இலக்கியத்தைக் கொண்டாடுகிற நாம் அதற்குப் பின்னால் ஒரு கல்லூரியும் மாணவர் விடுதியும் இருந்ததை மறந்துவிடக் கூடாது.

இப்போது சமுதாயக் கல்லூரிக்கு வருவோம். 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1996-ல் சென்னையில் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம். ஏசுசபைக்காரர் சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாகவே பரப்பினார். பள்ளியில் நின்றுபோனவர், கல்யாணமானவர், வயசானவர், யாரும் சேரலாம். வாழ்க்கைத்திறன், தொழில்திறன், பக்கத்து ஆஸ்பத்திரியிலோ பட்டறையிலோ நேரடிப் பயிற்சி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் கொடுத்தது. 2009-ல் இக்னோ நாடு முழுக்க ஒரு திட்டம் போட்டது. சில வருசத்திலேயே அதை நிறுத்தியது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு இன்னொன்று.

அமெரிக்காவில் 1901-லேயே ஜோலியட் நகரில் இந்த வகைக் கல்லூரி வந்துவிட்டது. கலிபோர்னியா 1960-ல் போட்ட உயர்கல்வித் திட்டத்தில் இரண்டு வருசம் சமுதாயக் கல்லூரியில் ஒழுங்காகப் படித்தவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருசம் போய்ச் சேர வழி வைத்தார்கள். எல்லோரும் ஏறிவிடவில்லை, ஆனால் ஏணி என்று ஒன்று இருந்தது. நாம் பெயரை எடுத்துக்கொண்டோம், ஏணியைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம். 2013 திட்டம் மேலே ஏற வழி உண்டு என்று காகிதத்தில் சொன்னது. அதே காலத்தில் குலத்தொழிலும் வேறு வேசத்தில் வந்தது. 2023-ல் ஒன்றிய அரசு அறிவித்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள், குடும்பத் தொழிலாக இருக்கணும் என்ற நிபந்தனையோடு. தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்தது. அந்தமட்டில் 1954 இன்னும் உயிரோடு இருக்கிறது.

நான் சில வருசம் ஒரு சமுதாயக் கல்லூரியில் வாழ்க்கைத்திறன் பாடம் எடுத்தேன். வந்தவர்களில் பாதிக்கு மேல் நம்ம பிள்ளைகள். 10-ம் வகுப்பில் தவறி, வாயே திறக்காமல் உள்ளே வந்து, 6 மாசத்தில் மைக் பிடித்துப் பேசினார்கள். ஆஸ்பத்திரிகளில் வேலைக்குச் சேர்ந்து வீட்டுக்கு முதல் மாசச் சம்பளம் கொடுத்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவன் இந்தக் கல்லூரிகளை மூடு என்று சொல்ல மாட்டான்.

அழகர்கோவில் பக்கத்து ஊரிலிருந்து வந்து செவிலியர் உதவியாளர் படிப்பு முடித்த ஒரு தங்கச்சி சான்றிதழ் வாங்கின அன்றைக்கே என்னிடம் கேட்டது: "அண்ணே, இத வச்சு நர்சிங் காலேஜ்ல சேத்துக்கிருவாங்களா?" விசாரித்தேன். அங்கீகாரம் கொடுத்த இடத்தில், அது நர்சிங் கவுன்சில் விசயம் என்றார்கள். நர்சிங் பக்கம் கேட்டால், பிளஸ் டூ இருக்கா என்றார்கள். அந்தத் தங்கச்சி தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்துக்கொண்டே முதலில் 10-ம் வகுப்பு பாக்கியை முடித்தது. இப்போது பிளஸ் டூ தனித்தேர்வு எழுதுகிறது. இயற்பியலும் உயிரியலும் பாக்கி.