உடுவில் பெற்றோர் எதனால் நிலைத்து நின்றார்கள்?



என்னிடம் படித்து இன்று தனியார் கிறிஸ்தவப் பாடசாலை ஒன்றை நடத்தும் ஒருவர் கேட்டார்: "ரீச்சர், பெற்றோர் இரண்டு வருசத்தில பிள்ளையை வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திப் போடினம். எப்பிடி வைச்சிருக்கிறது?" எங்கள் ஊர் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். வின்ஸ்லோ அகராதி என்கிறோமே, அதைத் தந்தவரின் மனைவி இவர். கோயிலில் ஆடும் பெண்கள்தான் எழுத்துப் படிப்பார்கள் என்று சனம் நினைத்த காலம். குமர்ப்பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் சும்மா வந்ததல்ல; மிஷனின் நோக்கமே அதுதான்.

எனவே சாப்பாடு, உடுப்பு, தங்குமிடம் எல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள். படிப்பு முடியுமுன் பிள்ளையை மறிக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் உடன்படிக்கை வாங்கினார்கள். படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது! சீதனம் எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய பாரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏழைத் தகப்பனுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டியதும் நடந்தது. தாய் வைத்த பெயர் மாறினால் எந்த வீட்டுக்கு மனம் நோகாது?

சலுகைகள் பிள்ளைகளைக் கொண்டுவந்தன. தலைமுறைகளை வைத்திருந்தது வேறொன்று. 1840இல் எலைசா அக்னியூ அம்மையார் வந்தார். 1879 வரை உடுவிலிலேயே இருந்தார், ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. முதல் மாணவிகளின் பிள்ளைகளுக்கும், சிலரின் பேரப்பிள்ளைகளுக்கும் அவரே படிப்பித்தார். "ஆயிரம் மகள்மாரின் தாய்" என்று பெயர் எடுத்தார். 1883இல் மானிப்பாயில் காலமானார். அங்கே படித்த பெண் தாயாகித் தன் மகளை அனுப்பியபோது அவளுக்கு உடன்படிக்கை எதற்கு? தன்னை வளர்த்த அதே ஆள் இன்னும் அங்கே இருக்கிறார் என்பதே போதும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பிள்ளை படிக்கவும் வேண்டும், சைவமாகவும் இருக்க வேண்டும் என்ற பெற்றோருக்காக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவரே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துப் படிப்பித்தவர். பெண்களுக்கு 1913இல் உடுவிலுக்குப் பக்கத்திலேயே, மருதனார்மடத்தில், இராமநாதன் கல்லூரி வந்தது. பெற்றோர் தெரிவுசெய்யும் காலம் வந்தது. அப்படியும் உடுவில் மகளிர் கல்லூரி இன்றுவரை நடக்கிறது.

ஆகவே கட்டணச் சலுகை, பரிசு எல்லாம் தாருங்கள். ஆனால் முதலில் உங்கள் ஆசிரியர்களை நிலைத்து நிற்கச் செய்யுங்கள். வருசத்துக்கு ஒரு ரீச்சர் மாறும் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

உங்களில் உடுவிலில் படித்தவர்கள், தாயோ பேத்தியாரோ அங்கே படித்தவர்கள் இருந்தால், அவர்கள் சொன்ன கதைகளைக் கீழே எழுதுங்கோ. வாசிக்க ஆசையாக இருக்கிறேன்.