மக்காசர் எண்ணெய்

நாற்காலிச் சாய்மானத்தில் தலை படும் இடத்திலே பின்னல் வேலைப்பாடு அமைந்த சிறு துணியை விரித்து வைக்கும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஆன்டிமக்காசர்’ என்று பெயர். மக்காசரைத் தடுப்பது என்பது பொருள். மக்காசரோ இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள பழம்பெரும் துறைமுகம். ஒரு துறைமுகத்தை நாற்காலித் துணி ஏன் தடுக்க வேண்டும்? இடையிலே ஒரு கூந்தல் எண்ணெயின் வரலாறு இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர்கள் தலையில் வெண்ணிறப் பொடி தூவிக்கொள்வதை நாகரிகமாகக் கருதினர். 1795இல் பிரதமர் பிட், தலைப்பொடி பூசுவோர் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், செலுத்த வேண்டுமென்று வரி விதித்தார். பொடி மெல்ல வழக்கொழிந்தது. இயற்கை முடியைப் பளபளப்பாக்க எண்ணெய் தேவைப்பட்டது. இலண்டன் முடிதிருத்துநர் ரோலண்ட் விற்ற ‘மக்காசர் எண்ணெய்’ அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டது. முடி வளர்க்கும், உதிர்வதைத் தடுக்கும் என்று விளம்பரங்கள் முழங்கின. 1819இல் கவிஞர் பைரனும், 1871இல் லூயிஸ் கரோலும் தம் நூல்களில் அதைக் கேலியாகக் குறிப்பிடும் அளவுக்குப் புகழ் பரவியது. எண்ணெய்த் தலைகள் சாய்ந்த நாற்காலிகள்தாம் பாழாயின. இல்லத்தரசிகள் துணி விரித்துத் தப்பினர்!

அந்த எண்ணெயின் மூலப்பொருள் மக்காசரிலிருந்து வருவதென்பது விற்றவர் கூற்று. நம் காடுகளிலும் வளரும் பூவ மரத்தின் விதை எண்ணெய்க்குத் தாவர நூல்கள் அப்பெயரையே தருகின்றன. ஆனால் அக்கால ஆங்கிலச் செய்முறைகள் சிலவற்றில் வாதுமை எண்ணெயும் சிவப்பு நிறமூட்டும் வேருமே காணப்படுகின்றன. எண்ணெயைவிடப் பெயரே நல்ல விலைக்குப் போயிற்று என்பது என் கருத்து.

அப்பெயருக்கு உரியவர்கள் யார்? 1605இல் இஸ்லாத்தைத் தழுவிய மன்னர்களின் துறைமுகம் அது. எந்நாட்டு வணிகரும் அங்கே வாசனைப் பொருள் வாங்கலாம். அதைப் பொறாத ஒல்லாந்தர் படையெடுத்தனர். சுல்தான் ஹஸனுத்தீன் 1667இல் உடன்படிக்கைக்கு இணங்க நேர்ந்தது. 1669இல் கோட்டையும் வீழ்ந்தது. இலண்டனில் அப்பெயர் புட்டியேறியபோது, அந்நகர் அடிமைப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது.

அந்நாட்டுப் பெரியார் ஷெய்கு யூசுஃபை ஒல்லாந்தர் 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தினர். அங்கிருந்தும் அவர் அரபியில் நூல்கள் எழுதினார். 1694இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டு, 1699இல் அங்கேயே மறைந்தார். அவர் வாழ்ந்த பகுதியிலுள்ள ஊர் இன்றும் மக்காசர் என்றே வழங்குகிறது.