பூனைக்கண் நெபுலாவும் பொருந்தாத பச்சைக் கோடும்

சத்தம் வெற்றிடத்தில் செல்லாது என்று படிப்பிக்கிறோம். அப்படியென்றால் விண்வெளியில் அதிர்வலை எப்படி வரும் என்று பிள்ளைகள் கேட்பது நியாயம்தான். ஆனால் இறக்கும் நட்சத்திரத்தைச் சுற்றி அது உதறிவிட்ட வாயு இருக்கிறது. மிக ஐதானது, ஆனாலும் வாயுதான். அதில் அதிர்வலை உண்டு என்று அறிய மனிதனுக்கு இருநூறு வருடங்களுக்கு மேல் எடுத்தது. அந்தக் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம் உறவுகளே.

1786இல் வில்லியம் ஹேர்ஷல் பூனைக்கண் நெபுலாவைக் கண்டார். சிறு வட்டமாகக் கோள் போலத் தெரிந்ததால் இவ்வகைக்குக் 'கோள் நெபுலா' என்று பெயர் வைத்தார். கோளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1864 ஆகஸ்ட் 29. பட்டுத்துணிக் கடைக்காரரின் மகனும் பல்கலைக்கழகம் செல்லாதவருமான வில்லியம் ஹகின்ஸ், லண்டனில் தன் வீட்டு அவதான நிலையத்திலிருந்து இதன் ஒளியை அரியத்தினூடாகப் பார்த்தார். வானவில் போல நிறங்கள் வரவில்லை, சில தனிக் கோடுகளே வந்தன. ஆகவே இது ஒளிரும் வாயு என்று தெரிந்தது. ஆனால் பிரகாசமான பச்சைக் கோடு தெரிந்த எந்த மூலகத்துக்கும் பொருந்தவில்லை. புதிய மூலகம் என்று கருதி, பின்னர் 'நெபுலியம்' என்று பெயரும் சூட்டினார்கள்.

63 வருடங்களின் பின், 1927இல், அமெரிக்கரான ஐரா போவன் விடை சொன்னார். அது இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசன். நாம் சுவாசிக்கும் அதே மூலகம்! அணுக்கள் அரிதாகவே மோதும் ஐதான வாயுவில்தான் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும்.

1978இல் சன் குவொக்கும் இரு சக ஆய்வாளர்களும் அடுத்த படியை வைத்தார்கள். நட்சத்திரம் முதலில் செக்கனுக்குச் சுமார் 10 கிலோமீற்றர் வேகத்தில் மெதுவாக வாயுவை வெளியேற்றுகிறது. பிறகு எஞ்சிய சூடான மையத்திலிருந்து 1000 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் காற்று பாய்ந்து வந்து அதில் மோதுகிறது. அங்கே சத்தத்தின் வேகத்தை விட இது பல மடங்கு. அதனால் அதிர்வலை உருவாகி, வாயு பல இலட்சம் பாகை சூடாகி, எக்ஸ் கதிர் வீச வேண்டும்.

எக்ஸ் கதிரை எமது வளிமண்டலம் தடுத்துவிடும். எனவே விண்வெளிக்கே போக வேண்டியிருந்தது. விஞ்ஞானி சந்திரசேகரின் பெயர் தாங்கிய 'சந்திரா' தொலைகாட்டி 2000இல் பூனைக்கண்ணை நோக்கியது. உள்ளே எக்ஸ் கதிரில் ஒளிரும் சூடான குமிழி தெளிவாகத் தெரிந்தது.

ஆய்வுகூடத்தில் வாசிப்பு புத்தக விடைக்குப் பொருந்தாவிட்டால் இலக்கத்தை மாற்றி எழுதும் பழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. பெற்றோரே, ஆசிரியர்களே, கண்டதை அப்படியே எழுதப் பழக்குவோம். பொருந்தாத பச்சைக் கோட்டை ஹகின்ஸ் மறைத்திருந்தால், போவனுக்கு விடை தேட ஒரு கேள்வியே இருந்திருக்காது.