தேவரடியார்

தெருச் சண்டையில் பெண்ணின் மேல் வீசும் அந்த வசவு, ஒரு காலத்தில் மதிப்போடு கல்லில் பொறித்த பெயர். அடி என்றால் பாதம். இறைவன் அடி சார்ந்தவர் அடியார். கோயிலுக்கே உரியவர் தேவரடியார். சோழர் காலக் கல்வெட்டுகளில் இவர்கள் கொடை தருகிறார்கள். ராஜராஜன் தஞ்சையில் கோயில் பணிக்குக் குடியமர்த்திய சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கும், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை கல்லில் உண்டு. பின்னாளில் ‘ஆர்’ போய் ‘ஆள்’ வந்தது, பெயர் ஏச்சாயிற்று. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தாய் அந்தச் சமூகத்தவர். அதிலிருந்து வெளியேறிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், 1936-இல் அந்த வாழ்வை நாவலாக்கினார். இவர்கள் ஓயாமல் போராடியதால், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-இல் சட்டம் தடுத்தது. இவர்களைக் குறிக்கும் தேவதாசி என்ற வடசொல்லில் அடிமை வாடை அடிக்கிறது. கல்வெட்டுப் பெண்களைப் பற்றி எழுதும்போது தேவரடியார் என்றே நான் எழுதுகிறேன், ‘ஆர்’ விகுதியோடு.