வாலிகண்டபுரத்தில் ஓடியவர்கள்

பெரம்பலூர் பக்கம் போனால் ரஞ்சன்குடிக் கோட்டையில் ஏறாமல் திரும்புவதில்லை. 1751-ல் இந்த வாலிகண்டபுரம் வட்டாரத்தில் நடந்த சண்டையில், கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பாதியிலேயே மிரண்டு ஓடினார்கள். நான் படித்தவற்றில் இதற்கு ஒரே சொல்தான்: பீதி. ஓடியவன் பிறகு எப்படித் தூங்கினான் என்று யாரும் எழுதவில்லை.

அதை எழுத 1915 வரை ஆகியிருக்கிறது. அருகில் குண்டு வெடித்து நினைவு, பார்வை, மணம், சுவை பாதிக்கப்பட்ட மூன்று சிப்பாய்களைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் லான்செட் இதழில் எழுதினார். 'ஷெல் ஷாக்' என்ற பெயர் அச்சேறியது அப்போதுதான். மூளையில் அடியா, மனசில் அடியா? டாக்டர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதே போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் 306 பேரைச் சுட்டுக்கொன்றது. மன்னிப்பு வந்தது 2006-ல்!

இன்று தலையில் அடிபட்ட முன்னாள் ராணுவத்தினருக்கு மாதக்கணக்கில் தலைவலி, மறதி, தூக்கமின்மை நீடித்தால், நடத்தைச் சிகிச்சையும் தருகிறார்கள். எழும் நேரத்தை மாற்றாமல் வைப்பது, பயந்து விட்டுவிட்ட வேலைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது, 'என் மூளை போச்சு' என்ற எண்ணம் சரியா என்று சோதிப்பது. பழைய காயத்தை இது ஆற்றாது. பேச்சால் குறைகிறது என்பதற்காக அந்தத் தலைவலி நடிப்பும் இல்லை.