விட் பவனி

விட் பவனி என்பது பெந்தெகொஸ்தே திருநாளையொட்டி இங்கிலாந்தின் வடமேற்கில் திருச்சபையாரும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் வீதிவழியே நடந்துசெல்லும் ஊர்வலம். மான்செஸ்டரும் அதைச் சூழ்ந்த பஞ்சாலை ஊர்களும் இதன் தாயகம். பெந்தெகொஸ்தேக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'விட் சண்டே' என்ற பெயர், அந்நாளில் திருமுழுக்குப் பெற்றோர் அணிந்த வெண்ணிற ஆடையால் வந்தது என்பர்.

தோற்றம்

குளோஸ்டர் நகரப் பத்திரிகையாளர் ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் தொடங்கிய பணியால் ஞாயிறு பள்ளிகள் நாடெங்கும் பரவின. வாரத்தில் ஆறு நாள் உழைத்த ஏழைப் பிள்ளைகள் அங்கே எழுத்தும் வேதமும் கற்றனர். மான்செஸ்டரில் 1784-இல் பல சபையாரும் கூடி இப்பள்ளிகளை நடத்தத் தொடங்கினர். பின்னர் ஆங்கிலிக்கன் சபையார் தனியே பிரிந்தனர். 1801-இல் பெந்தெகொஸ்தேக்கு மறுநாளான விட் திங்களன்று அவர்களின் மாணவர்கள் வரிசையாக நடந்து, நகரின் பழம்பெரும் கோவிலில் வழிபட்டனர். அக்கோவில் 1847-இல் பேராலயமாக உயர்ந்தது. கத்தோலிக்கர் 1844 முதல் அதே வாரத்து வெள்ளிக்கிழமையான விட் வெள்ளியில் தங்கள் பவனியை நடத்தினர். அந்த வாரம் குதிரைப் பந்தயமும் நடந்ததால், பிள்ளைகளை அதிலிருந்து விலக்கி வைக்கப் பள்ளிகள் சிற்றுலாக்களும் ஏற்பாடு செய்தன.

பவனியின் அமைப்பு

விவிலியக் காட்சிகள் தீட்டிய பெரிய பட்டுப் பதாகைகளை ஆண்கள் கம்பங்களில் தூக்கிச் செல்வர். அவற்றிலிருந்து தொங்கும் நாடாக்களைப் பிள்ளைகள் பிடித்து நடப்பர். சிறுமியர் வெள்ளை உடுத்திப் பூக்கள் ஏந்துவர். வறிய வீட்டிலும் எப்படியாவது பிள்ளைக்குப் புத்தாடை எடுத்துவிடுவார்கள்; அதைப் பார்த்து மகிழும் அக்கம்பக்கத்தார் பிள்ளையின் கையில் காசு கொடுப்பர். மான்செஸ்டரின் ஆன்கோட்ஸ் பகுதி இத்தாலியர் மாதா சொரூபத்தைச் சுமந்து வந்தனர். உழைப்பாளிகளின் பிள்ளைகளை நகரமே தெருவோரம் நின்று பார்த்த நாள் இது. அதுவே இம்மரபின் பெருமை.

பாண்டு இசையும் பிற்காலமும்

பவனிக்கு முன்னே பித்தளைக் கருவிகள் இசைக்கும் பாண்டுக் குழுக்கள் சென்றன. 1884 முதல் விட் வெள்ளியன்று இக்குழுக்களுக்குப் போட்டிகள் நடந்துவருகின்றன. வாசிப்பது எந்தக் குழு என்று தெரியாதபடி நடுவர் மறைவிடத்தில் அமர்ந்து கேட்பார்.

1971-ஆம் ஆண்டுச் சட்டம் விட் திங்கள் விடுமுறையை மே மாதக் கடைசித் திங்களுக்கு நிலையாக மாற்றியது. ஆலைகள் மூடப்பட்டு, பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டதால் மான்செஸ்டர் பவனி சுருங்கியது. மான்செஸ்டரை அடுத்த சாடில்வொர்த், டேம்சைட் பகுதி ஊர்களில் இன்றும் விட் வெள்ளி காலையில் பதாகைகள் வீதிக்கு வருகின்றன. மாலையில் பாண்டுக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று வாசிக்கின்றன.