ஒற்றைப்பலகைக் கணினிகளில் திரை இணக்கச் சிக்கல்கள்

லினக்ஸில் இயங்கும் ஒற்றைப்பலகைக் கணினியைத் திரையுடன் இணைக்கும்போது படம் வராமை, விட்டுவிட்டு மறைதல், ஓரம் வெட்டுப்படுதல், பொருந்தாத தெளிவுத்திறனில் தோன்றுதல் ஆகியவை திரை இணக்கச் சிக்கல்கள் எனப்படும். ராஸ்பெரி பை (2012), பீகிள்போன் பிளாக் (2013) போன்ற பலகைகளில் இவை அடிக்கடி எழுகின்றன. பெரும்பாலும் பலகையும் திரையும் நல்ல நிலையில்தான் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான தகவல் பரிமாற்றமே தடைபட்டிருக்கும்.

பின்னணி

வீட்டுத் தொலைக்காட்சியையே திரையாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தில் ராஸ்பெரி பை உருவாக்கப்பட்டது. எனவே முதல் பலகையில் எச்டிஎம்ஐ போர்ட்டும் பழைய தொலைக்காட்சிகளுக்கான காம்போசிட் இணைப்பும் இருந்தன, விஜிஏ இல்லை. 2015இல் கேரள அரசு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இப்பலகையை வழங்கியது. இத்தகைய திட்டங்கள் பயன் தர, கையிலிருக்கும் திரையோடு பலகை ஒத்துப்போவது இன்றியமையாதது.

காரணங்கள்

திரை தான் ஏற்கும் தெளிவுத்திறன்களையும் புதுப்பிப்பு வேகங்களையும் இடிஐடி என்னும் தரவாகச் சேமித்து வைத்திருக்கிறது. இதன் அடிப்படைத் தொகுதி 128 பைட்டுகள் கொண்டது. கணினி இதைக் கேபிள் வழியே படிக்கிறது. தொடக்கத்தில் திரை அணைந்திருந்தாலோ கேபிள் பழுதாயிருந்தாலோ இத்தரவு கிடைக்காமல் போகலாம். தொடக்கத்தில் திரை இணைந்திருப்பதை உணராவிட்டால் முந்தைய ராஸ்பெரி பை பலகைகள் படத்தைக் காம்போசிட் வழியே அனுப்பிவிடும். பிறகு திரையைப் போட்டாலும் ஒன்றும் தெரியாது.

1366×768 திரைகளுக்குத் தனிச் சிக்கல் உண்டு. இடிஐடியின் சுருக்கப் பட்டியலில் அகலத்தை 8இன் மடங்காக மட்டுமே குறிக்க முடியும். 1366 அவ்வாறு வகுபடாததால் 1360 அல்லது 1368 தேர்வாகி, எழுத்துகள் மங்கலாம்.

பலகையின் திறனும் ஒரு வரம்பு. பீகிள்போன் பிளாக் 1920×1080 படத்தை 24 ஹெர்ட்ஸில் மட்டுமே தரும். பல மேசைத் திரைகள் அந்த வேகத்தை ஏற்பதில்லை.

திரையின் இணைப்பு வகையும் காரணமாகலாம். டிவிஐ திரைக்கு எளிய அடாப்டர் போதும்; எச்டிஎம்ஐ, டிவிஐ இரண்டிலும் படக் குறிகை ஒன்றே. விஜிஏ திரைக்கோ டிஜிட்டல் குறிகையை அனலாக்காக்கும் சில்லு கொண்ட கன்வெர்ட்டர் தேவை. எச்டிஎம்ஐ போர்ட்டின் 5 வோல்ட் மின்சாரம் அதற்குப் போதாவிட்டால் படம் விட்டுவிட்டு வரும்.

தீர்வுகள்

முதலில் திரையைப் போட்டுவிட்டுப் பலகைக்கு மின்சாரம் தர வேண்டும். இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ போர்ட்டுகள் கொண்ட ராஸ்பெரி பை 4இல் மின் இணைப்புக்கு அருகிலுள்ளதைப் பயன்படுத்த வேண்டும். அடுத்து, வேறு கேபிளை மாற்றிப் பார்க்கலாம்.

ராஸ்பெரி பையின் பழைய மென்பொருளில், கான்ஃபிக் கோப்பில் காட்சிக் குழுவையும் முறை எண்ணையும் எழுதித் தெளிவுத்திறனை நிலைப்படுத்தலாம். 1366×768 திரைக்குக் குழு 2, முறை 81. 2021இல் வந்த ராஸ்பெரி பை இயங்குதளத்தின் புல்ஸ்ஐ பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலே திரையைக் கையாள்வதால் அந்த வரிகள் பெரும்பாலும் பலிப்பதில்லை. மாறாக, கெர்னலின் தொடக்கக் கட்டளை வரியில் தெளிவுத்திறனைக் குறிப்பிட வேண்டும். பழைய வழிமுறைகளைப் புதிய பதிப்பில் அப்படியே பின்பற்றுவோர் தடுமாறுவது இதனால்தான். இடிஐடியே பிழையாக இருந்தால், திருத்திய கோப்பைக் கெர்னலில் ஏற்றலாம். பழைய திரைகள் பலவற்றை இம்முறைகளால் மீண்டும் பயன்படுத்த முடியும்.